ஆத்தாவுக்குப் பல் கட்டிய இடம்: 5-க்கு மூன்றரை

ஆத்தாவுக்கு வயது 68. கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு போய் மூன்று வருஷம் ஆச்சு. அந்த இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது பல்லுக்கு வேர் மாதிரி தாடை எலும்பில் பதிக்கிற டைட்டானியத் திருகு, வைக்கத்தான் அலைந்தோம். எலும்பு ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8 (மைனஸ் 2.5-க்கு வந்தாலே எலும்பு மெலிவுக் கணக்கு), அதற்கு வாரம் ஒரு மாத்திரை. முதலில் போன வேறொரு இடத்தில் "ஆச்சிக்கு எலும்பு பஞ்சா இருக்கு, இம்ப்ளான்ட் நிக்காது" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

காரைக்குடியில் இந்த டாக்டர் இரண்டு மாதிரித் திருகுகளை மேசையில் வைத்தார். ஒன்று எவர்சில்வர் மாதிரி பளபளப்பு, பழைய வகை. இன்னொன்று மங்கிய சாம்பல் நிறம். அதை மணல் போன்ற துகளால் அடித்து, அப்புறம் அமிலத்தில் அரித்தெடுப்பார்களாம். கண்ணுக்குத் தெரியாத குழிகள், மைக்ரான் கணக்கில், அதில்தான் எலும்பு செல் பிடித்து வளருமாம். ஆத்தா உடனே, "அப்ப நம்ம வீட்டுச் சுவத்தைக் கொத்திவிட்டுப் பூசுற மாதிரின்னு சொல்லுங்க" என்றார். அதேதான். ஆத்தங்குடித் தரைக்கல்லைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரியும், கண்ணாடியில் வார்த்த முகம் வழவழ, சாந்தைக் கடிக்கிற முதுகு சொரசொர.

கொத்தனார் சுவரை நனைத்துவிட்டுத்தானே பூசுவார்? அதுவும் இதில் உண்டு. டைட்டானியம் காற்றுப்பட இருந்தால் மேலே கரிப்படலம் ஏறித் தண்ணீரைத் தள்ளுமாம், அதனால் எங்களுக்கு வைத்தது உப்புத்தண்ணீர்க் குப்பியிலேயே வந்தது. சாதாரண மாதிரியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், சேம்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றது. குப்பியிலிருந்து எடுத்ததில் விட்டதும் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மரை முழுக்கப் பரவிவிட்டது. ரத்தமும் இப்படித்தான் ஒட்டுமாம்.

டைட்டானியத்தோடு எலும்பு சேரும் என்பதை 1952-இல் ஸ்வீடனில் பிரோனெமார்க் முயல் காலில் கண்டார், 1965-இல் மனிதருக்குப் பல் வைத்தார், இதெல்லாம் டாக்டர் சொன்ன கதை. எனக்குப் பிடித்தது, மேற்பூச்சு மட்டும் காப்பாற்றாது என்று மறைக்காமல் சொன்னது. எலும்பு மெத்தென்று இருப்பதால் துளையைச் சற்றுச் சின்னதாகப் போட்டு இறுக்கினார், இரண்டு மாதத்தில் கேப் (திருகின் மேல் மாட்டுகிற பல்) போடக்கூடியதை நாலு மாதம் காக்க வைத்தார். வைத்த அன்று திருகின் உறுதி பார்க்கும் கருவியில் நூற்றுக்கு 62, நாலு மாதம் கழித்து 71.

குறை? கேப் மூன்று வாரம் தாமதம், கேட்டால் லேபைக் கைகாட்டுகிறார்கள். கிளினிக் மாடியில், லிஃப்ட் கிடையாது, எலும்பு மெலிந்தவர்களைத்தான் படியேற்றுகிறார்கள்! ஒரு பல்லுக்கு 38,000, பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

சீடை இன்னும் கூடாதாம். ஆத்தா தேன்குழலில் ஆரம்பித்துவிட்டார், டாக்டருக்குத் தெரியாது.

போகிறவர்கள் எலும்பு மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். சில மாத்திரையால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்று அதைப் பார்க்காமல் ஊசியே எடுக்க மாட்டார், நாங்கள் ஒரு நாள் வீணாகத் திரும்பினோம்.