நூர் மலையா, ஸவ்ர் மலையா: வெயில் மாதங்களில் எதை ஏறுவது?

மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிற பினாங்கு ஜமாஅத்தில், அங்குள்ள நூர், ஸவ்ர் மலைகளில் எதை ஏறுவது என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். புனித இடங்களைச் சுற்றிக் காட்டும் ஜியாரத் பஸ் ஸவ்ர் மலை அடிவாரத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். வழிகாட்டியான முத்தவ்விஃப் விரலை நீட்டி உச்சியைக் காட்டுவார், எல்லாரும் படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அதோடு மனம் ஆறாதவர்கள் ராத்திரி ஹோட்டலில் கூடி, ஒரு நாள் விடியலில் ஏறிவிடலாமா, ஏறினால் எதை என்று ஆரம்பிப்பார்கள். டிசம்பர், ஜனவரி என்றால் இரண்டையும் ஏறுங்கள் என்பேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை நூர் மலை போதும், ஸவ்ரை விட்டுவிடுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு ஏற்றமும் உம்ராவின் கிரியைகளில் சேராதவை. பாதி வழியில் மூச்சு வாங்குகிறது என்று திரும்பினாலும் உம்ராவில் ஒரு குறையும் இல்லை. இது மனதில் பதிந்திருந்தால்தான் திரும்ப வேண்டிய இடத்தில் கூச்சப்படாமல் திரும்புவோம்.

உயரக் கணக்கு ஆளை ஏமாற்றும். கடல் மட்டத்திலிருந்து நூர் 642 மீட்டர், ஸவ்ர் 759 மீட்டர். மக்கா நகரமே ஏறக்குறைய 277 மீட்டரில் இருப்பதால் உண்மையில் ஏறுவது அதைவிடக் குறைவு. நம் பினாங்குக் கொடிமலை 833 மீட்டர். “கொடிமலையே ஏறுறவங்களுக்கு இதெல்லாம் ஒரு மலையா, நானா?” என்று கேட்பவர்கள் உண்டு. உயரத்தை மட்டும் பார்த்தால் கேட்பது நியாயம்தான். ஆனால் கொடிமலையில் வழி நெடுக மரம். மக்காவில் தலைக்கு மேல் ஒரு இலை கிடையாது.

வியர்வை சங்கதி இன்னும் வேறு. பினாங்கில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காயாது. தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் ரோட்டில் அரை மணி நேரம் ஏறினால் சட்டையைப் பிழிந்து ஊற்றலாம். எவ்வளவு நீர் போனது என்று கண்ணுக்கே தெரியும், தாகமும் எடுக்கும். மக்காவின் காய்ந்த காற்றில் வியர்வை தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடும். நெற்றியைத் தடவினால் கையில் உப்புத்தூள்தான் நெருடும். ‘எனக்கு வேர்க்கவே இல்லை’ என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறவருக்குத் திடீரென்று தலை சுற்றும். அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மடக்குக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையும் ஊரிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள்.

இனி வழிகளைப் பார்ப்போம். நூர் மலையில் பெரும்பகுதி படிக்கட்டு. படிகள் ஒரே அளவில் இருக்காது, ஒன்று கணுக்கால் உயரம் என்றால் அடுத்தது முழங்கால் உயரம். ஆனாலும் வழி தெளிவாக இருக்கும், நடுவில் உட்கார இடம் உண்டு, விடியலில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். விழுந்தாலும் தூக்கிவிட ஒரு கை இருக்கும் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சாதாரணமாக நடக்கிறவருக்கு ஏற ஒரு மணி நேரம் ஆகும். உச்சிக்குப் போனபின் மறுபக்கம் கொஞ்சம் இறங்கி, பாறை இடுக்கில் உடம்பை ஒருக்களித்து நுழைந்தால் ஹிரா குகை. நீளம் நான்கு மீட்டருக்குள், அகலம் ஒன்றரை மீட்டர் சொச்சம். இறைச்செய்தியான வஹீயின் முதல் வசனங்கள் இறங்கிய இடம் என்பதால் வரிசை நிற்கும். அந்த வரிசைக்கும் நிழல் இல்லை, நீளமாக இருந்தால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு இறங்குவதே புத்தி.

ஸவ்ர் பாதை நீளமானது, வளைந்து வளைந்து போகும். ஆளும் குறைவு. ஏற மட்டும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்டபோது நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மூன்று இரவு தங்கிய குகை அங்கேதான். அபூபக்கரின் மகளார் அஸ்மா (ரலி) கட்டிக் கொடுத்த உணவை நினைத்துக்கொண்டு அந்தச் சரிவைப் பார்த்தால் கண் கலங்கும். எனக்கு இரண்டில் மனசுக்கு நெருக்கமானது ஸவ்ர்தான். ஆனாலும் நேரக் கணக்கு ஒத்துவரவில்லை.

ஜூனில் மக்காவில் விடியல் தொழுகையான சுபுஹுக்கு பாங்கு நாலேகாலை ஒட்டி, சூரியன் உதிப்பது ஐந்தே முக்கால் வாக்கில். ஹரம் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அடிவாரம் சேர ஐந்தேகால் ஆகும். நூர் என்றால் ஏழேகால், ஏழரைக்குள் இறங்கிவிடலாம். ஸவ்ர் என்றால் அந்த நேரத்துக்குத்தான் உச்சியைத் தொடுவீர்கள். கால் தளர்ந்து, போத்தல் காலியாகி, இறங்குகிற நேரம் முழுக்க வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படியானால் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு ஏறலாமே என்று கேட்பார்கள். பாறை பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் வெளியே விடும். அது கொஞ்சமாவது ஆறியிருப்பது விடியலுக்கு முன்புதான்.

பயிற்சிக்கு நமக்குப் பஞ்சமில்லை. நூருக்குக் கொடிமலையின் மூன் கேட் பாதை பொருத்தம், அங்கேயும் ஏறக்குறைய அதே ஒழுங்கில்லாத படிதான். ஸவ்ருக்கு ஜீப் ரோடு: ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், விடாத ஏற்றம். மலை ரயிலில் இறங்கிவிடாமல் நடந்தே இறங்கிப் பாருங்கள், முழங்கால் என்ன சொல்கிறது என்று அப்போது தெரியும்.

உம்ரா முடித்த மறுநாள் காலையே மலைக்குக் கிளம்ப வேண்டாம். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடக்கும் ஸயீ மட்டுமே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடை, கஅபாவைச் சுற்றும் தவாஃப் தனி. இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், அது உடம்பிலிருந்து நீரை இன்னும் வெளியேற்றும். கூட வருகிற அம்மாவுக்கோ மாமிக்கோ முழங்கால் வலி என்றால் அரஃபாவில் உள்ள ஜபல் ரஹ்மா போதும். சின்னக் குன்று, படி உண்டு, பஸ்ஸும் பக்கத்தில் நிற்கும். நூர் மலைக்கு டாக்சி பிடிப்பவர்கள் திரும்பி வருவதற்கும் சேர்த்து ஏறுமுன்பே விலை பேசிக்கொள்ளுங்கள்.