'ஒரு கால் குட்டை' என்று ஜிம்மில் சொன்னால் உஷார்!

டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடையைக் குனிந்து தூக்கும் பயிற்சி) போடுகிற அன்றெல்லாம் எனக்குக் கீழ்முதுகு இறுகிக்கொள்ளும். அதைப் பார்த்த ட்ரெய்னர், "இடுப்பு திரும்பியிருக்கு சார், ஸ்ட்ரெச் தெரபி பேக்கேஜ் எடுத்துக்குங்க" என்றார். 6,000 ரூபாய், முன்பணமாக.

பணம் வாங்கும் முன் ஒரு 'டெஸ்ட்'. மல்லாக்கப் படுக்க வைத்து, ஷூவோடு இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தார். இடது கால் அரை இஞ்ச் குட்டை! இடுப்பை ஒரு திருகு, 'டக்'கென்று சத்தம். மறுபடி சேர்த்தால் இரண்டும் சமம். சுற்றி நின்றவர்கள் அசந்துபோனார்கள்.

சுத்தமான கண்கட்டு வித்தை இது. ஒரு ஷூவை மட்டும் குதிகாலிலிருந்து லேசாக வெளியே இழுத்தால் அந்தக் கால் நீளமாகத் தெரியும். அடுத்த முறை உள்ளே தள்ளிவிட்டால் சமமாகிவிடும். அந்தச் சத்தமும் எலும்பு இடத்தில் போய் உட்காருவதால் வருவதல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது, விரலில் சொடக்கு எடுப்பது போலத்தான்.

பணத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. காலை நீட்டி உட்கார வைத்து, முதுகில் முட்டியைக் கொடுத்து, முன்னால் குலுக்கிக் குலுக்கி அமுக்கினார். தொடையின் பின்பக்கமாகப் பாதம் வரை சுரீரென்று இழுத்தது. நிறுத்தச் சொன்னால், "டாக்ஸின் வெளிய போகுது சார்" என்கிறார்!

அப்புறம் முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்டிடம் போனேன். குலுக்கி இழுத்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகுமாம், குனிந்த நிலையில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கின் மேல் அழுத்தம் வேறு கூடுமாம். அவர் சொல்லிக்கொடுத்தவற்றுக்கு ஆள் துணையே தேவையில்லை. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்து 30 விநாடி, பிறகு மறு கால், இப்படி இரண்டு மூன்று முறை. அடுத்து பாலாசனம், அதாவது மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்து, நெற்றி தரையில் படும்படி முன்னால் குனிவது. கடைசியாக ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி இடுப்பின் முன்பக்கத்தை இழுப்பது. நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர்களுக்கு அங்கேயும் நன்றாக இறுகியிருக்கும். இழுப்பு தெரியலாம், வலிக்கக் கூடாது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ ஸ்ட்ரெச் பேச்சே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

மீதிப் பணம் கேட்டதற்கு, "நான்-ரீஃபண்டபிள் சார்". பில்லில் 'தெரபி' என்ற வார்த்தையே இல்லை, 'பெர்சனல் ட்ரெய்னிங்' என்று போட்டிருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும், ட்ரெய்னர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பேக்கேஜ் விளம்பரமும்தான் என் கையில் இருக்கும் ஆதாரம். இப்படி யாராவது பணம் கட்டியிருந்தால் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.