ஒன்பது டிகிரியிலிருந்து பன்னிரண்டுக்கு: ஒரு டிரைவருடன் ஆறு ஆண்டுகள்

பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு கோல்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால், கேட்பவர் அடுத்துக் கேட்பது "எங்க வச்சு ஆடுதிய?" என்பதுதான். நியாயமான கேள்வி. கோயம்புத்தூரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் பழகிய ஆட்டம் இது. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கார் ஓட்டி, திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள ஒன்பது குழி மைதானத்துக்கு, அங்கே உறுப்பினராக உள்ள நண்பர் ஒருவரின் விருந்தாளியாக மாதம் ஒரு முறை போகிறோம். ஆண்டுக்கு இரண்டு தடவை கொடைக்கானல். நாங்கள் நால்வர்: பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர், தூத்துக்குடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், நாகர்கோவிலில் ஏறிக்கொள்ளும் ரப்பர்த் தோட்டக்காரர் ஒருவர், நான். மற்ற நாட்களில் பயிற்சி எல்லாம் கோடையில் வற்றிக் கிடக்கும் குளத்துக்குள்ளும், வீட்டுப் பின்புறம் கட்டிய வலைக்குள்ளும்தான். ஆண்டுக்குப் பதினைந்து தடவைக்கு மேல் புல்தரையைப் பார்க்காத ஒருவன் டிரைவர் என்னும் நீள மட்டை ஒன்றையே ஆறு ஆண்டுகள் வைத்திருந்து கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தினம் ஆடுபவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

பையில் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கும் பதினான்கு மட்டைகளில் நீளமானதும், பந்தை உருட்டும் பட்டரை விட்டுவிட்டால், பந்தில் படும் முகம் மிகக் குறைவாகச் சாய்ந்ததும் டிரைவர். ஒரு காலத்தில் அதன் தலையைப் பெர்சிமன் மரத்தில் கடைந்தார்கள். நம் கருங்காலியும் அதே மரக்குடும்பம் என்பது பொறியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரிடம் அப்படி ஒரு பழைய மட்டை இருக்கிறது, அதன் தலை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1979-இல் டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையைக் கொண்டுவந்தது. 1991-இல் கேலவேயின் பிக் பெர்த்தா 190 சிசி அளவில் வந்தபோது அதையே பூதம் என்றுதான் பார்த்தார்கள். பிறகு டைட்டானியம் வந்து தலை வீங்கிக்கொண்டே போக, 2004-இல் 460 சிசி என்று எல்லை வகுத்தார்கள். அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிடச் சற்றே சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தின் துள்ளலுக்கும் அதே போல ஓர் எல்லை உண்டு. பெயர்பெற்ற நிறுவனங்கள் அனைத்துமே பல ஆண்டுகளாக அந்த எல்லையை ஒட்டித்தான் தயாரிக்கின்றன என்பதால், மட்டையின் நெற்றியில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பதற்கு நாம் கொடுக்கும் மதிப்பு சற்று அதிகம் என்பது என் முடிவு. என் டிரைவரின் நிறுவனப் பெயரை இங்கே சொல்லாமல் விடுவதற்கும் அதுவே காரணம். தவிர, அந்த மாடல் இப்போது கடைகளில் கிடைப்பதும் இல்லை.

2016-இல் நான் வாங்கிய முதல் டிரைவர் முற்றிலும் வீம்புக்காக வாங்கியது. பழைய மட்டைதான், ஒன்பது டிகிரி லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, விறைப்பான ஸ்டிஃப் ஷாஃப்ட் என்னும் தண்டு, நாற்பத்தைந்தே முக்கால் அங்குல நீளம். தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டக்காரர்கள் ஒன்பது டிகிரியில் அடிக்கிறார்கள், பன்னிரண்டு என்பது வயதானவர்களுக்கு என்ற எண்ணம் எனக்கு ஊறியிருந்தது. எனக்கும் அப்போது ஐம்பத்திரண்டு வயது என்பது ஏனோ நினைவுக்கு வரவில்லை. பந்து தாழப் பறந்து வலப்பக்கமாக வளைந்து வளைந்து போகும். குளத்தின் மேற்குக் கரைக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்க்கரையில் நிற்கும் இரட்டைப் பனைகளுக்கு நடுவே அடிக்க வேண்டும் என்பது நான் எனக்கு வகுத்துக்கொண்ட கணக்கு. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் இரண்டு வாரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க அடிக்கது என்னவோ கிழக்கதான், பந்து மட்டும் தெக்கல்லா போவுது." ஸ்லைஸ் என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை.

மூன்று ஆண்டுகள் குற்றத்தை நான் மட்டையை வீசும் விதமான என் ஸ்விங்கின் மேலேயே போட்டுக்கொண்டிருந்தேன். 2019-இல் மகள் வீட்டுக்குச் சென்னை போயிருந்தபோது, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் கருவி வைத்திருக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் அடித்துப் பார்த்தேன். மட்டையின் தலை மணிக்கு 84 மைல் வேகத்தில் வந்தது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரியோ அப்போது 113 மைலை ஒட்டி இருந்தது. என் ஒன்பது டிகிரி மட்டையில் பந்து எட்டரை டிகிரி கோணத்தில் கிளம்பி, 160 யார்டு பறந்து தரையைத் தொட்டது. அங்கிருந்தவர் ஒன்றும் பேசாமல் பன்னிரண்டு டிகிரித் தலையையும் இளகலான ரெகுலர் ஷாஃப்ட்டையும் மாட்டிக் கொடுத்தார். அதே கை, அதே வேகம். பந்து பதினான்கு டிகிரியில் கிளம்பி 182 யார்டு பறந்தது.

காரணம் புரிந்த பிறகு எளிமையாகத்தான் தெரிகிறது. வேகமாக அடிப்பவரின் பந்துக்குக் காற்றே தூக்குவிசை கொடுக்கும். நம்மைப் போன்ற மெதுவான கைக்கு அந்த விசை குறைவு என்பதால், பந்தைக் காற்றில் நிறுத்தி வைக்கும் வேலையை முகத்தின் சாய்வு செய்தாக வேண்டும். ஸ்லைஸ் குறைந்ததற்கும் அதே சாய்வுதான் காரணம். முகம் சற்றுத் திறந்த நிலையில் பந்தைத் தொட்டால் அதன் சுழல் அச்சு வலப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. லாஃப்ட் அதிகமாகி, பின்னோக்கிய சுழற்சி கூடியிருந்தால், அதே தவறுக்கு அச்சு அவ்வளவு சாய்வதில்லை. என் தவறு அப்படியே இருந்தது, தண்டனை மட்டும் குறைந்தது. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மாசி, பங்குனியில் தரை காய்ந்து கிடக்கும்போது தாழப் பறக்கும் பழைய மட்டையின் பந்து விழுந்து உருண்டே முப்பது யார்டு போகும். அந்த இரண்டு மாதங்களில் மட்டும் பன்னிரண்டு டிகிரி எனக்குப் பெரிய லாபம் தருவதில்லை.

அதே மாதம் பன்னிரண்டு டிகிரியில் ஒன்றை வாங்கினேன். வாங்கும்போதே ஷாஃப்ட்டை ஓர் அங்குலம் வெட்டச் சொல்லி நாற்பத்து நாலே முக்கால் ஆக்கிக்கொண்டேன். நீளம் கூடினால் தூரம் கூடும் என்பது கணக்குக்குச் சரி. பந்து முகத்தின் நடுவில் பட்டால்தான் அந்தக் கணக்கு செல்லும். 2022 முதல் தொழில்முறைப் போட்டிகளில் நாற்பத்தாறு அங்குலத்துக்கு மேல் கூடாது என்று தடுக்க வழிசெய்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த விதி தேவையே இல்லை, நாற்பத்தைந்தே அதிகம். வெட்டியதும் தலை காணாமல் போனது போல மட்டை இலகுவாகிவிட்டது. தலையின் அடியில் பத்து கிராம் ஈயப் பட்டை ஒட்டிய பிறகே பழைய கனம் கைக்குத் தெரிந்தது. வெட்டுபவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நீளத்தைக் குறைத்தது உண்மையில் பயன் தந்ததா என்று சோதித்ததற்கு வீட்டுத் திருநீறுதான் கருவி. ஈரத் துணியால் மட்டையின் முகத்தைத் துடைத்துவிட்டு, திருநீற்றை விரலில் தொட்டு மெல்லப் பூசி அடித்தால், பந்து பட்ட இடம் அதன் குழிகளோடு வட்டமாகப் பதிந்து நிற்கும். சாமி மாடத்துச் சம்புடத்தில் கைவைத்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அதன் பிறகு எனக்கென்று தனிப் பொட்டலம். மட்டைக்கு இருபது பந்து வீதம் அடித்து நோட்டில் குறித்தேன். பழைய நீள மட்டையில் ஆறு பந்துகள் நடுவில் பட்டிருந்தன, வெட்டிய மட்டையில் பதினொன்று. மிச்சத்தில் பெரும்பாலானவை குதிகால் பக்கம், அதாவது தலையில் ஷாஃப்ட் சேரும் பக்கம். அங்கே பட்ட பந்துதான் வலப்பக்கம் ஓடுகிறது, அதற்கு எதிர்முனையான கால்விரல் பக்கம் பட்டது இடப்பக்கமாகத் திரும்பி வருகிறது என்பதை அந்த நோட்டுதான் எனக்குக் காட்டியது. பந்திலிருந்து அரை அடி தள்ளி நிற்க ஆரம்பித்ததும் குதிகால் அடி பாதியாகக் குறைந்தது. எந்தப் புதிய மட்டையும் இதைச் செய்திருக்காது.

நண்பர்கள் என்னோடு ஒத்துப்போவதில்லை. டாக்டரின் கட்சி, ஸ்கோர் வேண்டுமென்றால் டிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டு அதைவிடக் குட்டையான மூன்றாம் நம்பர் வுட் மட்டையில் தொடங்க வேண்டும் என்பது. கவடியாரின் குறுகலான குழிகளில் அவர் சொல்வது சரிதான் என்பதை என் தொலைந்த பந்துகள் சொல்லும். பொறியாளர், பந்தை இடப்பக்கம் திருப்பிவிடக் குதிகால் பக்கம் கனம் வைத்த டிரா வகை மட்டையை வாங்கி, லாஃப்டையும் கழுத்துத் திருகில் ஒரு டிகிரி கூட்டியிருக்கிறார். அப்படிக் கூட்டும்போது மட்டையைத் தரையில் வைத்தால் முகம் சற்று இடப்பக்கம் மூடியபடி நிற்கிறது. அவருக்கு அது மருந்து, எனக்குக் கண்ணை உறுத்துகிறது. தோட்டக்காரர் இளையவர், வேகமாக அடிப்பவர், அவருக்குப் பத்து டிகிரியே அதிகம். அவரிடம் போய் என் பன்னிரண்டின் புகழைப் பாடுவதில் பொருளில்லை.

காற்றைப் பற்றி எழுதாவிட்டால் நம் பக்கத்துக்காரன் எழுதியது என்று எவரும் நம்பமாட்டார்கள். ஆனியும் ஆடியும் வந்தால் குற்றாலத்தில் சாரல், இங்கே மேல்காற்று. குளத்தில் கிழக்கு நோக்கி அடிக்கும்போது முதுகுக் காற்று தள்ளிவிட, ஒவ்வொரு பந்தும் பனையைத் தாண்டுகிறதென்று முதல் ஆண்டு முழுவதும் ஏமாந்தேன். பிறகுதான் எதிர்க்கரைக்குப் போய் மேற்கே அடித்துப் பார்த்தேன். எதிர்க்காற்றில் பந்து எம்பி நின்று விழுகிறது, சிறு வளைவும் பெரிதாகிறது. அந்த நாட்களில் பந்தை ஏற்றி வைக்கும் டீ முளையைச் சற்றுத் தாழ்த்தி, கைப்பிடியான கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்து, வேகத்தைக் குறைத்து அடிக்கிறேன். கொடைக்கானலில் நேர்மாறு. 1895-இல் தொடங்கிய அந்தப் பதினெட்டுக் குழி மைதானம் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து எனக்குப் பத்துப் பதினைந்து யார்டு கூடுதலாகப் போவதோடு, வளைவதும் குறைகிறது. காட்டெருமைகள் ஒதுங்கக் காத்திருந்து அடித்த பந்துகூட நேராகப் போனதைக் கண்டு ஸ்லைஸ் ஒழிந்தது என்று மகிழ்ந்து இறங்கினேன். அடுத்த மாதம் கவடியாரில் அது பத்திரமாகக் காத்திருந்தது.

உழைப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. நேர்ந்த ஒரே கோளாறு என் அலட்சியத்தால் வந்தது. ஓர் அக்கினி நட்சத்திரக் காலத்தில் மட்டைப் பையைக் கார் டிக்கியிலேயே பல நாட்கள் விட்டுவிட்டேன். அதன் பிறகு மட்டையை அசைத்தால் உள்ளே கிலுகிலுப்பை போலச் சத்தம் கேட்டது. சூட்டில் பசை இளகி, ஒரு துணுக்கு தலைக்குள் உதிர்ந்திருந்தது. ஷாஃப்ட்டைக் கழற்றி, துணுக்கை எடுத்து, மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மட்டை வீட்டுக்குள், பீரோவின் பக்கத்தில் நிற்கிறது. நம் ஊர் வியர்வைக்கு ரப்பர் கிரிப் சீக்கிரம் வழவழத்துவிடும். பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் இன்னும் நான்கு மாதம் ஓடும், அதற்கு மேல் மாற்றித்தான் ஆக வேண்டும். நான் நான்கு முறை மாற்றியிருக்கிறேன்.

2024-இல் டெய்லர்மேட்டும் பிங்கும் தலை முறுகித் திரும்புவதை எதிர்க்கும் திறனின் அளவாகப் பத்தாயிரம் என்ற எண்ணை முன்னிறுத்தி, நடுவில் படாத அடிக்கும் தலை அவ்வளவாகத் திரும்பாத டிரைவர்களைக் கொண்டுவந்தன. அந்த வகையில் ஒன்றைத் தோட்டக்காரர் வாங்கியிருந்தார். ஒன்பது குழிக்குக் கடன் வாங்கி அடித்தேன். குதிகாலில் பட்ட பந்து என் மட்டையைவிட நேராகப் போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுவில் பட்ட பந்தின் தூரத்தில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. திரும்பி வரும் வழியில், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைத் தாண்டும்வரை வாங்குவதா வேண்டாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். மறுநாள் ஐந்தாவது கிரிப் ஒன்றுக்கு மட்டும் ஆர்டர் போட்டேன்.