மஞ்சள் ரிப்பன்: துணியா, உலோக பேட்ஜா?

ஈரானில் 1979 முதல் 1981 வரை பிணைக்கைதிகளாக இருந்தவர்களுக்காக அமெரிக்காவில் மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள். சிங்கப்பூரில் 2004 முதல் அது சிறையிலிருந்து திரும்புவோருக்கான மறுவாய்ப்பின் அடையாளம். சமூக மன்ற நிகழ்ச்சிக்கு எதை வாங்கலாம்?

நூறு பேருக்கு மேல் என்றால் துணியே தோது. 1 செ.மீ. அகல சாட்டின் ரிப்பனை 15 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள், 25 கெஜச் சுருளில் சுமார் 150 வரும். இருபுறமும் பளபளக்கும் ரகமே வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பில் மங்கிய பக்கம் பல்லிளிக்கும். முனைகளைச் சாய்வாக வெட்டி, லைட்டர் சுடரருகே ஒரு நொடி காட்டினால் பாலியஸ்டர் உருகி நூல் பிரியாது. அதிக நேரம் காட்டினால் கருகும். பருத்தி ரிப்பனுக்கு இந்த வித்தை கூடாது, தீப்பிடிக்கும். துண்டை வளையமாக மடித்து, இரு முனைகளும் குறுக்கிடும் இடத்தில் ஊக்கு குத்தவும், மேல்வளைவில் குத்தினால் தொங்கிவிடும்.

உலோக பேட்ஜ் வருடக்கணக்கில் உழைக்கும். தினமும் அணியும் தொண்டூழியர்களுக்கு ஏற்றது. ஆனால் பின்பூட்டு கழன்று தொலைவது சகஜம், பட்டுச் சேலையில் ஓட்டையும் விழும். காந்தப் பூட்டு சேலையைக் காக்கும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.