ஒத்தியா, வாடகையா, சொந்த மனையா? கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுக் கணக்கு

ஆடி மாதம் வீடு பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. அந்த மாதத்தில் யாரும் குடி மாற மாட்டார்கள் என்பதால், காலி வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வருவார். பேசி முடித்து டோக்கன் கொடுத்துவிட்டால் ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக்கொள்ளலாம். அந்த நினைப்பில்தான் தங்கச்சி குடும்பத்துக்காக உத்தமபாளையத்தில் வீடு தேடிக் கிளம்பினோம். மச்சானுக்கு ஜீப் ஓட்டும் வேலை. விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளா போவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு ஓட்டமும் இல்லை, காசும் இல்லை.

ஒரு வீடு பிடித்தது. சின்ன ஹால், ஒரு அறை, சமையலறை, மாடிப்படிக்கு அடியில் கழிப்பறை. வீட்டுக்கார அக்கா நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். “வாடகைக்குன்னா 4,500 தம்பி, அட்வான்ஸ் 40,000. ஒத்திக்குன்னா 3 லட்சம், மூணு வருசம். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.”

ஒத்தி என்றால் மதுரைக்குத் தெற்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொங்குப் பக்கம் இதையே போக்கியம் என்பார்கள், சென்னையில் லீஸ். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியேறலாம், மாத வாடகை கிடையாது. காலம் முடிந்ததும் கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். கேட்டதும் தங்கச்சி முகம் மலர்ந்துவிட்டது. “வாடகையே இல்லாம மூணு வருசம் இருக்கலாம்ணே!” என்றாள்.

இல்லாமல் இல்லை, வாடகை வேறு பெயரில் போகிறது. நம் ஊர் வட்டிக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். 3 லட்சத்தை வாங்கிக்கொண்டு மாதம் 4,500 வாடகையை விட்டுக்கொடுக்கிறார் வீட்டுக்காரர். அதாவது நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு நம்மிடம் கடன் வாங்குகிறார், வருடத்துக்கு 18 சதவீதம். எனவே நாம் போடும் 3 லட்சம் எந்த வட்டிக்கு வந்த பணம் என்பதுதான் கேள்வி. வங்கியில் 7 சதவீதத்துக்கு டெபாசிட்டில் கிடக்கும் பணம் என்றால், ஒத்திக்குப் போட்டதால் வருடம் 21,000 வட்டி போகும், 54,000 வாடகை மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு ஒத்திக்குப் போகலாம். 9 சதவீத நகைக்கடன் என்றாலும் 27,000-தான், பாதிக்குப் பாதி மிச்சம். வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கிப் போட்டால் மாதம் 6,000. வாடகையைவிட 1,500 கூடக் கொடுத்துவிட்டு “வாடகை இல்லாத வீடு” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாடகை வீட்டுக்கும் அட்வான்ஸ் 40,000 முடங்குகிறதே என்பீர்கள். 9 சதவீதத்தில் மாதம் 300 ரூபாய், அவ்வளவுதான்.

நகைக்கடன் கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தமாகத் திருப்பும் நகைக்கடனுக்கு 12 மாதம்தான் தவணை. ஒத்திப் பணமோ மூன்று வருடம் வீட்டுக்காரரிடம். நடுவில் இரண்டு முறை குறைந்தது வட்டியையாவது புரட்டிக் கட்டிக் கடனைப் புதுப்பிக்க வேண்டும். மழையில் ஓட்டம் நின்ற மாதத்தில் அந்தத் தேதி வந்து விழுந்தால், அதைக் கட்டுவதற்கென்று இரண்டு வட்டிக்குக் கடன் தருபவரைத் தேடிப் போகும்படி ஆகும்.

நகையை விற்றே ஒத்திக்குப் போட்டவர்கள் கதை இன்னும் மோசம். 2023-ல் பவுன் 50,000-க்குக் கீழேதான் இருந்தது. 3 லட்சம் புரட்ட ஆறேழு பவுன் விற்றிருப்பார்கள். 2025-ல் பவுன் 80,000-ஐத் தாண்டிவிட்டது. திரும்பி வரும் அதே 3 லட்சத்தில் நாலு பவுன்கூட வராது. மூன்று வருட வாடகை மிச்சம் 1,62,000 என்று சொல்லிப் பார்க்கலாம்தான். அதைச் சேர்த்தாலும் 80,000 விலையில் ஆறு பவுனை எட்டாது.

சரி, ஒன்றரை வட்டிக்கு நம்மிடம் கடன் கேட்கிற அளவுக்கு வீட்டுக்காரருக்கு என்ன முடை? இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். மகள் கல்யாணம், மகனை வெளிநாடு அனுப்பியது, மேல்மாடி கட்டியது என்று ஏதாவது ஒன்று இருக்கும். வாங்கிய அன்றே பணம் செலவாகிவிடும். மூன்று வருடம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் தேனியிலும் திண்டுக்கல்லிலும் ஒன்றுதான்: “அடுத்து ஒத்திக்கு ஆள் வரட்டும், வாங்கித் தந்துடறேன்.” அடுத்த ஆள் வரும்வரை நம் பணம் அவரிடம், நாம் அவர் வீட்டில். இதுவாவது பரவாயில்லை. பத்திரம் வங்கியில் இருந்து, கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்கு வந்துவிட்டால் நம் பாடு திண்டாட்டம்.

சட்டப்படி ஒத்தி ஓர் அடமானம். 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தில் சுவாதீனத்தோடு கூடிய அடமானம் என்று வருவது இதுதான். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்தை இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்ய வேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. நடப்பில் முத்திரைத்தாளில் எழுதி, டீக்கடையில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவதோடு சரி. பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும், பிறகு அந்த வீட்டை வாங்குகிறவர் கண்ணில் நம் பெயர் படாமல் போகாது. அதனாலேயே வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். நான் பதிவுப் பேச்சை எடுத்ததும் அந்த அக்காவும், “நம்பிக்கை இல்லாட்டி என்ன தம்பி?” என்றார். வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றதற்குப் பதிலே வரவில்லை.

வாடகையில் நோவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. 4,500-க்கு 13,500 வருகிறது, கேட்டதோ 40,000. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வாடகைக்காரர் காதில் விழும் செய்தி மட்டும்தான். மூன்று குடித்தனத்துக்கு ஒரே இணைப்பு, ஆளுக்கொரு சப்-மீட்டர், முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆனாலும் வாடகையில் ஒரு வசதி இருக்கிறது. வருமானம் நின்றுபோனால் ஒரு மாத அவகாசத்தில் கிளம்பிவிடலாம். முடங்குவது 40,000, 3 லட்சம் இல்லை.

மச்சானின் அம்மாவுக்கு மூன்றாவது யோசனை. சொந்த ஊரில் மனை இருக்கிறது, அங்கே கவர்மெண்டு வீடு கட்டினால் என்ன? கேட்க நன்றாக இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று 2024-ல் அறிவித்தார்கள். ஊராட்சிகளுக்கான திட்டம் இது. உத்தமபாளையம் பேரூராட்சி என்பதால் இங்கே மனை வாங்கிப் பயனில்லை, ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கே பட்டா நாலு அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டாக இருக்கிறது. மூத்தவர் திருப்பூரில், இளையவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் கையெழுத்துகள் கிடைத்தாலும் பணம் அஸ்திவாரம், மேல்மட்டம், கூரை என்று கட்டக் கட்டத்தான் வரும், முதலில் நம் கைக்காசு இறங்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கொத்தனார் சதுர அடிக்கு 2,000-க்குக் குறைத்துப் பேசுவதில்லை. 360 அடிக்கு 7,20,000. அரசுப் பணம் போக இன்னொரு 3,70,000, ஒத்தித் தொகையைவிட அதிகம். ஒரே வித்தியாசம், வீடு நம்முடையது. தனிப் பட்டா கையில் உள்ளவர்களுக்கு மூன்றில் இதுவே முதலில் யோசிக்க வேண்டியது. பட்டா இல்லாதவர்கள் அதை வாங்கும்வரை எங்காவது குடியிருந்துதானே ஆக வேண்டும்?

மலைமேலேயே தங்கிவிடுவது என்று ஒரு வழியும் உண்டு. பெரிய எஸ்டேட்டுகளில் லயம், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடு கிடைக்கும், வாடகை கிடையாது. 2025 வரை நடப்பில் இருந்த 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமே முதலாளி வீடு தர வேண்டும் என்றது. வேலை போகிற அன்று வீடும் போய்விடும் என்பதால் மச்சான் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

கையில் ரொக்கமாக 1 லட்சம் இருந்தது, மீதிக்கு நகைதான். 1 லட்சம் ஒத்தி, 3,000 வாடகை என்று இரண்டையும் கலந்து கேட்டுப் பார்த்தேன். அதே ஒன்றரை வட்டிக் கணக்குதான், அக்காவுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவருக்கோ மொத்தமாக 3 லட்சம் வேண்டியிருந்தது. எதற்கு என்று கடைசிவரை சொல்லவில்லை. வாடகைக்கே பேசி முடித்தோம். ஆடி மாதம் என்பதால் 4,500 என்றது 4,300 ஆனது, அட்வான்ஸ் 30,000 ஆனது. கரண்டுக்கு யூனிட் 8 ரூபாய் என்பதில் மட்டும் அக்கா இறங்கவே இல்லை.