ஒரு நாள் அன்னதான உபயம்: கட்டிய பணமும் கண்ட பந்தியும்

அப்பாவின் நினைவு நாளை முன்னிட்டுக் காவிரிக் கரையிலுள்ள சிவன் கோயில் ஒன்றில் 100 பேருக்கு மதிய அன்னதான உபயம் செய்தோம். கோயிலின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. சொல்ல வேண்டிய குறை ஒன்று இருக்கிறது, ஆனால் அங்கே பணி செய்கிறவர்களில் பெரும்பாலோர் மனமார உழைக்கிறவர்கள். பணம் கட்டியது முதல் இலை எடுத்தது வரை பார்த்தவற்றை, இதே உபயத்தைச் செய்ய எண்ணியிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்திலுள்ள கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கியது. 2012-இல் திருவரங்கத்திலும் பழனியிலும் அது நாள் முழுவதற்குமாக விரிந்தது. அரசு அறிவித்த திட்டம் என்பதால் அரசுப் பணத்தில்தான் நடக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உலை கொதிப்பதோ பெரும்பாலும் அன்னதான உண்டியலில் விழும் காசாலும் உபயதாரர்கள் கட்டும் தொகையாலும்தான். நாங்கள் சென்ற கோயிலில் ஓர் இலைக்கு 35 ரூபாய், ஆக 100 பேருக்கு 3,500 ரூபாய். இன்றைய விலைவாசியில் இது எப்படிக் கட்டுப்படியாகும் என்று முதலில் ஐயப்பட்டேன். காய் நறுக்குகிறவர், பரிமாறுகிறவர், இலை எடுக்கிறவர் எவரும் ஒரு காசு வாங்குவதில்லை என்பதையும், அரிசி மூட்டையும் பருப்பும் பல நாள் பொருளாகவே வந்து இறங்கிவிடுகின்றன என்பதையும் மடப்பள்ளி வாசலில் அரை மணி நேரம் நின்றபோது தெரிந்துகொண்டேன்.

பணம் கட்டுவதில் சிக்கல் எதுவும் இல்லை. இணையத்திலும் கட்டலாம், கோயில் அலுவலகத்திலும் கட்டலாம். இணையப் படிவம் நட்சத்திரம், கோத்திரம் எல்லாவற்றையும் கேட்கிறது. அர்ச்சனைக்கு உரிய படிவத்தை அப்படியே இதற்கும் வைத்துவிட்டார்கள் போலும். நாங்கள் நேரில் சென்றே கட்டினோம். எழுத்தர் நாள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, அந்தத் தேதியில் வேறு உபயதாரர் இல்லை என்று உறுதிசெய்த பிறகே ரசீது போட்டார். இந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது. ஒரே நாளுக்கு நான்கு பேரிடம் தொகை பெற்றுக்கொண்டு ஒரே பந்தியைக் காட்டும் இடங்களும் உண்டென்று உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வருமான வரிக் கழிவை எதிர்பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடைக்காது. பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. எங்களுக்கு அது பொருட்டாக இல்லாததால் பணத்தாளையே எண்ணிக் கொடுத்தோம்.

எழுத்தர் நித்தியக் கட்டளையையும் பரிந்துரைத்தார். 50,000 ரூபாயை ஒருமுறை கட்டிவிட்டால் அது வைப்பு நிதியில் இருக்கும். ஆண்டுதோறும் நாம் குறித்த நாளில் அதன் வட்டியிலிருந்து அன்னதானம் நடக்கும். கேட்பதற்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் 7 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டாலும் வருவது அதே 3,500 ரூபாய். இன்று அது 100 இலை. இலைக்கு 70 ரூபாய் ஆகும் காலத்தில் 50 இலை. அதற்கும் பிறகு என்னவாகும் என்று எழுத்தரிடம் கேட்டேன், அவர் சிரித்தார். சோழர் காலத்தவர் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை எழுதிவைத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டினார்கள். கிழடு கழிந்தாலும் குட்டி வந்து எண்ணிக்கையை நிரப்பும். நெய்யின் விலை என்னவானால் என்ன, ஆட்டை வாங்கிக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். வைப்பு நிதி குட்டி போடுவதில்லை, போட்டாலும் அந்தக் குட்டியை அந்தந்த ஆண்டே சமைத்துவிடுகிறோம். ஆகவே நித்தியக் கட்டளையைவிட ஆண்டுதோறும் நேரில் சென்று கட்டுவதையே நான் விரும்புவேன். வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்க்கும் ஏற்பாடு உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் மட்டும் நித்தியக் கட்டளையைப் பற்றி யோசிக்கலாம்.

உபய நாளன்று காலை ஒன்பதரை மணிக்கே போய்ச் சேர்ந்தோம். மடப்பள்ளியை ஒட்டிய கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா யாரையும் கேட்காமல் ஓர் அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டாள். அவளுக்கு அந்த இடம் என்னைவிட விரைவில் வசப்பட்டது. உச்சிக்கால பூசை முடிந்து, நைவேத்தியமான அன்னத்தில் ஒரு கரண்டி கொண்டுவந்து பொதுச் சோற்றில் கலந்த பிறகே பந்தி தொடங்குகிறது. சீட்டு வாங்கியவர்கள் ஐம்பது ஐம்பதாக உள்ளே வருகிறார்கள். தரையில் பாய், தலைவாழை இலை, ஓரத்தில் உப்பும் ஊறுகாயும், பூசணிக்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், சாம்பார், ரசம், மோர். முடியாதவர்களுக்குச் சுவரோரமாக மேசை நாற்காலி உண்டு. கூட்டு மிக நன்றாக இருந்தது. சாம்பாரில் பருப்பு குறைவில்லை. ரசம் இரண்டாம் பந்திக்குச் சற்று நீண்டுவிட்டாலும் மணம் போகவில்லை. மோரைத்தான் மோர் என்று சொல்ல முடியாது. தயிர் அந்த அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

எங்களையும் பரிமாறச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது சோற்று வாளி. முதல் நான்கு இலைகளில் ஒரு கரண்டி வைத்துவிட்டு ‘போதுமா?’ என்று கேட்டபடி நகர்ந்தேன். நான்கு பேரும் தலையை ஆட்டினார்கள். பல ஆண்டுகளாக அங்கே சேவைக்கு வரும் ஓர் அம்மையார் பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்தார். “தம்பி, போதுமான்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு போதும்னுதான் சொல்லுவாங்க. முகத்தைப் பார்க்காதீங்க, இலையைப் பார்த்து வைங்க” என்றார். திரும்பிப் போய் அந்த நான்கு இலைகளிலும் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தேன். ஒருவரும் கையைக் குறுக்கே நீட்டித் தடுக்கவில்லை. அழுக்கேறிய சட்டையோடு இருந்த ஒரு பெரியவர் மூன்றாம் முறையும் வாங்கிக்கொண்டார், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இப்படி ஒரு பயிற்சியை எந்த நிர்வாகமும் சுற்றறிக்கை போட்டுக் கொடுத்துவிட முடியாது. இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதி அந்த அம்மையாருக்கே உரியது.

சீட்டு 100 என்றாலும் உண்டவர்கள் அதற்கு மேல். சீட்டு தீர்ந்த பிறகும் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். காவலாளி விரட்டவில்லை; கடைசிப் பந்தி எழுந்ததும் அண்டாவில் மிஞ்சியதை வைத்து அவர்களையும் உட்கார வைத்தார்கள். நூறு என்பது ரசீதுக்குத்தான், படி அளப்பவர் கையில் எப்போதும் சிறிது தாராளம் இருக்கும் என்று பரிசாரகர் சொன்னார்.

இனி, குறை. முதல் பந்தியில் இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றியும் ஆன பிறகு, ஒலிபெருக்கியில் உபயதாரர் பெயர், தந்தையார் பெயர், ஊர், தொழில் எல்லாம் அறிவிக்கப்பட்டன. அதன்பின் நாங்கள் கரண்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். படம் எடுப்பவர் வர ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. ஐம்பது பேர் இலையில் கை வைக்காமல் காத்திருந்தார்கள்; ஒரு குழந்தை அப்பளத்தை ஒடித்துவிட்டுத் தாயிடம் அடி வாங்கியது. எனக்கு உடம்பு கூசிவிட்டது. பிறகு அலுவலரிடம், பெயரை அறிவிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். “பேரைச் சொல்லலேன்னுதான் சார் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க, நீங்க மாத்திச் சொல்றீங்களே” என்று வியந்தார். அவர் மீது பிழையில்லை. கேட்டு வாங்கிப் பழக்கியவர்கள் நாம்தான். இருந்தாலும், அந்தக் கோயிலிலிருந்து அதிகத் தொலைவில்லாத திங்களூரில்தான் நாயன்மார்களில் ஒருவரான அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதற்குத் தம் பெயரை இடாமல், அதுவரை கண்ணால்கூடக் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை எழுதினார். பெயர் சொல்லத்தான் வேண்டுமென்றால் இலை போடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம், படத்தைப் பந்தி முடிந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் செலவு எதுவுமில்லை.

உபயம் செய்யப் போகிறவர்கள் ரசீது போடும்போதே படமும் அறிவிப்பும் வேண்டாம் என்று சொல்லி, அதை ரசீதின் ஓரத்தில் குறிக்கச் செய்வது நல்லது. பத்து மணிக்கு முன் போய்விட்டால் காய் நறுக்கும் வேலையாவது கிடைக்கும்; பன்னிரண்டு மணிக்குப் போனால் விருந்தினராக நிற்க வேண்டியதுதான். பரிமாற எண்ணும் ஆண்கள் வேட்டியைத் தவிர்த்து வேறு எதையும் உடுத்தக் கூடாது என்று அந்தக் கோயிலில் விதி எதுவும் இல்லை, ஆனால் குனிந்து நிமிர வசதியான உடையாக இருக்கட்டும். ஐம்பது இலைக்குக் குனிந்த என் இடுப்பு மறுநாள் அதை நினைவூட்டியது.

அடுத்த ஆண்டு அப்பாவின் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அன்று கூட்டம் கூடுதலாக இருக்கும் என்பதால் 150 இலையாகக் கட்டிவிடலாமா என்று திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். பேருந்தின் சன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “கட்டு. கூடவே ரெண்டு குடம் கெட்டித் தயிரும் வாங்கிக் கொடுத்துடு” என்றாள்.