லூடரிக் தக்கைத் தூண்டில்: பல குளிர்காலம் உழைத்த சாமான்களைப் பற்றி

ரீலுக்குக் கொட்டிய காசில் பாதியைத் தக்கைக்குக் கொடுத்திருக்கலாமே என்று தோன்ற இரண்டு குளிர்காலம் போதும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், படகுத்துறையிலும் ஆற்றோரத்திலும் நின்று லூடரிக் மீன் பிடிப்பவர்களின் பையில் எந்தச் சாமான் பல பருவம் தாக்குப்பிடிக்கிறது, எது பாதியில் பல்லிளிக்கிறது, ஏன் என்பதுதான் இந்தப் பகிர்வு.

மீனைப் பற்றி முதலில் கொஞ்சம். லூடரிக்கை உள்ளூரில் பிளாக்ஃபிஷ் என்றும் சொல்வார்கள். நியூசிலாந்தில் இதே மீன் பரோரே. விலங்கியல் பெயரின் பின்பாதியான 'ட்ரைகஸ்பிடேட்டா', மூன்று கூர் கொண்ட பல்லைக் குறிக்கிறது. பாறையிலும் தூணிலும் படர்ந்த பாசியைச் சீவி எடுக்க வாய்த்த பல் அது. வாயும் சின்னது. இரையைக் கவ்விக்கொண்டு ஓடும் பழக்கம் இதற்குக் கிடையாது. வாயில் வைத்துப் பார்க்கும், லேசாக இழுக்கும், துப்பும், மறுபடி வரும். கொஞ்சம் கனம் தட்டினாலும் விட்டுவிடும். கீழே வரும் அத்தனை சாமானும் இந்த ஒரு குணத்துக்காகத் தேர்ந்தெடுத்தவை.

கம்பு 3.3 முதல் 3.6 மீட்டர் நீளம், நடுப்பகுதி வரை வளைந்து கொடுக்கும் மென்மையான வகை. வற்றத்தில் படகுத்துறையின் மேடைக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு, மூன்று மீட்டர் இறக்கம் இருக்கும். குட்டைக் கம்பு வைத்திருந்தால் மீன் தூணைச் சுற்றும்போது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சிப்பி ஒட்டிய தூணில் தூண்டில் நரம்பு ஒருமுறை உரசினால் கதை முடிந்தது. நீளக் கம்பின் இன்னொரு லாபம், நரம்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்துத் தக்கையை நேராக ஓடவிடலாம். விறைப்பான கம்பில், 2 கிலோ இழுப்புதான் தாங்கும் நரம்பு அடிக்கடி அறுந்துபோவதற்கு மீனைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரீலில் மூன்று வழி. சென்டர்பின் என்பது அச்சில் சும்மா சுழலும் ஒரு வட்டுதான். கியர் இல்லை, பிரேக் இல்லை, கட்டைவிரல்தான் பிரேக். நீரோட்டம் தக்கையை இழுக்க, வட்டு தானாகச் சுழன்று நரம்பைக் கொடுத்துக்கொண்டே போகும். தக்கை தடையில்லாமல் ஓடும், கொக்கியில் இரையாகச் சுற்றிய பாசியும் இயல்பாக மிதந்து போகும். ஆற்றில் இதற்கு நிகர் வேறில்லை. குறை என்னவென்றால் வீசுவது கஷ்டம். கம்பின் வளையங்களுக்கு நடுவிலிருந்து நரம்பைக் கையால் இழுத்துத் தொங்கவிட்டு வீசக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் ஆகும். 15 செ.மீ. விட்டமுள்ள வட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் 47 செ.மீ. நரம்புதான் ஏறும். மீன் உங்களை நோக்கி ஓடிவந்தால் கை நோகும்.

இரண்டாவது, 1920-இலிருந்து குவீன்ஸ்லாந்தில் பெயர் வாங்கிய ஆல்வி சைடுகாஸ்ட். வட்டைப் பக்கவாட்டில் திருப்பி வீசலாம், தூரம் போகும், உப்புக்கும் மணலுக்கும் அசராது. வில்லங்கம் எங்கே என்றால், ஒவ்வொரு வீச்சிலும் நரம்பில் முறுக்கு ஏறுகிறது. திரும்பச் சுற்றும்போது அது இறங்குவதில்லை. ஒரு காலைப்பொழுது முடிவதற்குள் நரம்பு தக்கைத் தண்டைச் சுற்றிக்கொள்ளும், கொக்கி தக்கையிலேயே மாட்டும். நல்ல ஸ்விவல், அதாவது நரம்போடு சேர்ந்து சுழலும் இணைப்பு, போட்டால் கொஞ்சம் குறையும். முழுத் தீர்வு: தக்கை, ஈயம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் நரம்பை 50 மீட்டர் ஓட்டத்தில் விட்டு நிதானமாகச் சுற்றி எடுப்பது. மாதம் ஒருமுறை செய்தால் நரம்பு இரட்டிப்புக் காலம் உழைக்கும்.

மூன்றாவது, எல்லோர் வீட்டிலும் கிடக்கும் 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். படகுத்துறைக்கு இதுவே தாராளம். புதிதாக இறங்குகிறவர் இதோடு தொடங்கி, மிச்சக் காசைத் தக்கையில் போடட்டும்.

சென்டர்பின் வாங்கியவர்களுக்கு ஒன்று. பேரிங்குக்குக் கிரீஸ் வைக்காதீர்கள். குளிரில் கிரீஸ் இறுகி வட்டு தயங்கும். அந்தத் தயக்கம் தக்கையை ஒரு நொடி பிடித்து நிறுத்தினாலே மீனுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. அவ்வளவுதான். வட்டைக் கழற்றாமல் வெளியே மட்டும் கழுவினால், உள்ளே தங்கிய உப்பு ஒரே கோடையில் பேரிங்கைத் தின்றுவிடும்.

ரீலில் ஏற்றுவது 3 முதல் 4 கிலோ தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு. கொக்கிப் பக்கம் அதைவிட மெல்லியதாக 2 முதல் 3 கிலோ. அறுந்தால் கொக்கியோடு போகட்டும், தக்கை தப்பட்டும் என்பதுதான் கணக்கு. தங்கூசி மெதுவாக அமிழும். அமிழ்ந்த நரம்பு வளைந்து கிடக்கும்போது கம்பைத் தூக்கினால் இழுப்பு தக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் பாசியைத் துப்பியிருக்கும். அதனால் முதல் 20 மீட்டருக்கு மிதப்பு மெழுகு தடவுவது பழைய ஆட்களின் வழக்கம். பின்னல் நரம்பு தானே மிதக்கும்தான், ஆனால் காற்றில் கம்பு நுனியைச் சுற்றிக்கொள்ளும். சேமித்த நேரம் முழுக்கச் சிக்கெடுப்பதில் போய்விடும்.

இனி தக்கை. விஷயமே இங்குதான் இருக்கிறது.

லூடரிக் தக்கை ஒல்லி உடம்பும் நீளத் தண்டும் கொண்டது. பால்சா, கார்க், சீடார் மரத்தில் செய்வார்கள். நுனியில் ஆரஞ்சு அல்லது சிவப்புப் பூச்சு. கோக்கும் வரிசை இப்படி: நரம்பில் பருத்தி நூலால் ஐந்தாறு சுற்றுப் போட்ட நிறுத்து முடிச்சு, அதன் கீழ் சின்ன மணி, பிறகு நரம்பில் வழுக்கி ஓடும் தக்கை, ஈயக் குண்டு, ஸ்விவல், 45 செ.மீ. மெல்லிய நரம்பு, கடைசியில் 8 அல்லது 10 எண் குட்டைத் தண்டுக் கொக்கி. மணியின் துளை முடிச்சைவிடப் பெரிதாக இருந்தால் தக்கை நிற்காமல் ஓடிவிடும். கடையில் தரும் மணிகளில் பாதி அப்படித்தான் இருக்கும், சோதித்து வாங்குங்கள். முடிச்சின் நூல் வாலை ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் முடிச்சு நழுவும், நீளமாக விட்டால் வளையத்தில் தட்டும்.

ஈயம் ஏற்றும் அளவு: தண்ணீருக்கு மேலே நுனி 2 செ.மீ.தான் தெரிய வேண்டும். இதில் கஞ்சத்தனம் செய்பவர்கள்தான் 'கொத்துகிறது, ஆனால் மாட்டவில்லை' என்று புலம்புவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மி.மீ. தடிமன் நுனி 3 செ.மீ. கூடுதலாக வெளியே நின்றால், அதை அமிழ்த்த மீன் கிட்டத்தட்ட 0.4 கிராம் எதிர்ப்பை இழுக்க வேண்டும். நுனி 6 மி.மீ. தடிமனாக இருந்தால் அதே 3 செ.மீ.க்கு 0.8 கிராமைத் தாண்டிவிடும். பாசி இழையை உதட்டால் தடவிப் பார்க்கும் மீனுக்கு இது பெரிய பாரம். தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிறதே என்று தடித்த நுனித் தக்கை வாங்குவது வீண் செலவு.

வீட்டில் சரிபார்க்க வாளி போதாது, தக்கை நீளமானது. அடி மூடிய பிவிசி குழாய்த் துண்டில் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். குழாய்த் தண்ணீரில் சரியாக நின்ற தக்கை கடலில் சற்று உயர்ந்து நிற்கும். உப்புநீர் நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் கூடியது. ஈயத்தோடு சேர்த்து 12 கிராம் எடையுள்ள செட்டுக்கு 0.3 கிராம் ஈயம் சேர்க்க வேண்டிவரும், சின்னப் பிளவுக் குண்டு ஒன்று. பெருமழைக்குப் பிறகு ஆறு நன்னீராகிவிட்டால் அந்தக் குண்டைக் கழற்றுங்கள். போன வாரம் சரியாக நின்ற தக்கை இந்த வாரம் தானாக அமிழ்கிறதே என்று குழம்புபவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு காரணம், தக்கையே தண்ணீர் குடிப்பது. பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால் பால்சா மெல்ல ஊறும், தாங்கும் ஈயம் குறைந்துகொண்டே வரும். பருவம் தொடங்குமுன் ஒவ்வொன்றையும் குழாயில் போட்டுப் பார்த்து, ஊறியதைக் காயவைத்து மறுபூச்சு கொடுங்கள். மர வகைகளில் சீடார்தான் அதிக நாள் நிற்கிறது. பால்சா நுண்ணுணர்வில் முதலிடம், ஆயுளில் கடைசி. தண்டின் கம்பி வளையத்தில் பிசிறு இருக்கிறதா என்று பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் நரம்பும் அங்கேதான் தேயும்.

ஆழம் வைப்பதற்குச் சூத்திரம் இல்லை. படகுத்துறையில் 2.5 மீட்டரில் தொடங்கி, பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் 30 செ.மீ. மாற்றுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் தொடர்ந்து மாட்டுகிறது என்றால், அவர் முடிச்சு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

பாசி: மெல்லிய, நீள இழைப் பச்சைப் பாசி. நன்னீர் கசிந்து கடல்நீரோடு கலக்கும் வாய்க்கால் ஓரங்களில் படர்ந்திருக்கும். எங்கே பிடிக்கிறீர்களோ அந்த ஆற்றின் பாசியே மேல். திறந்த கடல் பாறையில் நின்றால்தான் அகல இலைப் பாசி தேவைப்படும். காப்பகப் பகுதிகளில் பறிக்கக்கூடாது. பறித்ததைக் கடல்நீரில் அலசிப் பிழிந்து, ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும். நன்னீரில் ஊறப்போட்டால் குழைந்து, கொக்கியில் சுற்றும்போதே பிய்ந்துவிடும். நாற்றம் வந்ததை மீன் கூட்டத் தண்ணீரில் தூவும் தீனியில் போடலாம், கொக்கியில் போடாதீர்கள்.

கொக்கியில் ஏற்றுவது இப்படி. தீக்குச்சித் தடிமனுக்குப் பாசி இழைகளை எடுத்து, கொக்கிக் காதுக்கு மேலே நரம்பில் ஒரு அரைமுடிச்சு போட்டு அதற்குள் இழைகளின் நடுப்பகுதியை வைத்து இறுக்குங்கள். இரு பாதியையும் தண்டில் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றி வளைவு வரை கொண்டுவாருங்கள். வால் 2 செ.மீ. தொங்கட்டும், மிச்சத்தைக் கத்தரியுங்கள். வால் நீளமானால் மீன் வாலை மட்டும் தின்றுவிட்டுப் போகும். உருண்டையாகத் திணித்தால் சந்தேகப்பட்டுத் தொடவே தொடாது. அரைமுடிச்சு போடும் இடத்தில் நரம்பு நைந்துபோகும், ஐந்தாறு மீனுக்கு ஒருமுறை கொக்கியை மறுபடி கட்டுங்கள். அறுந்த நுனி சுருண்டிருந்தால் உங்கள் முடிச்சு நழுவியிருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் சிப்பி, அல்லது லெதர்ஜாக்கெட் மீனின் பல்.

கூட்டத்தைக் கூட்டி நிறுத்த, பாசியைப் பொடியாக அரிந்து ஈர மணலோடு பிசைந்து தூவுவதைத்தான் இங்கே பர்லி என்பார்கள். மணல் சேர்ப்பது தாழ்வதற்காக. ஓட்டத்துக்கு மேற்புறமாக, சில நிமிடத்துக்கு ஒரு கைப்பிடி. ரொட்டி கலக்காதீர்கள், ஊரிலுள்ள பொடிமீன் எல்லாம் வந்து சேரும்.

கொத்து வரும்போது தக்கை குதிக்காது. ஒரு அங்குலம் இறங்கி நிற்கும், எழும், மறுபடி இறங்கும். கை பரபரக்கும், தூக்காதீர்கள். நுனி முழுதும் அமிழ்ந்து, பச்சைத் தண்ணீருக்குள் ஆரஞ்சு நிறம் மங்கிக்கொண்டே ஒரு சாண் கீழே போகும். அப்போது கம்பை உயர்த்துங்கள், வெட்டி இழுக்காமல், நிதானமாக. நுனி பாதியில் நிற்கும்போது தூக்கிப் பாசியை மட்டும் பறிகொடுப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பருவப் பாடம். கரைக்கு வந்ததை நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். நீளக் கைப்பிடி வலை இல்லாமல் படகுத்துறைக்குப் போவது வீண்.

ஃபோர்ஸ்டர்-டன்கரி, யாம்பா, இலூக்கா, ஸ்வான்சி கால்வாய் போன்ற கழிமுகங்களில், முட்டையிடுமுன் கூட்டம் கூடும் குளிர் மாதங்களே பருவம். பகலில் மேயும் மீன், விடியுமுன் எழுந்து ஓடத் தேவையில்லை. நியூ சவுத் வேல்ஸில் குறைந்தபட்ச நீளம் 27 செ.மீ., ஆளுக்கு நாளுக்குப் பத்து, மீன்பிடிக் கட்டணச் சீட்டும் வேண்டும். சிட்னி துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்ததைச் சாப்பிடக்கூடாது என்பது அரசின் அறிவுரை. அடிச்சேற்றில் டையாக்சின் என்னும் நச்சு தங்கியிருக்கிறது.

வடக்கே போகப் போக இதே பாசிக்கு இன்னொரு விருந்தாளியும் வருவார்: நம் ஊர் ஓரா மீனின் நெருங்கிய சொந்தம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, முள் குத்தினால் விஷக் கடுப்பில் உயிர் போகிற மாதிரி வலிக்கும். கையால் தொடாமல் இடுக்கியால் கழற்றுங்கள். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வையுங்கள்.

சமைக்க எடுப்பதை உடனே செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, உப்புநீர் கலந்த பனிக்கட்டியில் போடுங்கள். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுத்துத் தோலையும் உரித்துவிட்டால் பாசி வாடை இருக்காது. லூடரிக் ருசியில்லாத மீன் என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சவ்வோடு வறுத்தவர்கள்.